வௌவால் பக்கம், புன்னை பக்கம்

மார்ச் 17, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பாளையம்பட்டி ஸ்டாப்பில் இருபது நிமிடம். திருச்சுழி பஸ் நிற்காமல் போனது. அடுத்ததில் நின்றுகொண்டே பயணம். தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

எச்.எம். ஒரு வேலை கொடுத்தார். வெள்ளிக்கிழமை வன நாள், பெற்றோர்களையும் கூப்பிடப் போகிறார். ஆளுக்கு ஒரு சார்ட். எனக்கு வந்தது: ஊரில் உள்ள ஓர் உயிரினம், ஊரில் உள்ள ஒரு மரம், இரண்டையும் ஒப்பிட வேண்டும். எட்டாம் வகுப்பு வரை உள்ள சின்னப் பள்ளிக்கூடம். அறிவியலுக்கு நான் ஒருத்திதான். தப்பிக்க வழியில்லை.

ஆட்டையும் வேப்பமரத்தையும் போட்டு அரை மணியில் முடித்திருக்கலாம். எனக்கு ஆசை வேறு. கண்மாய்க் கரை ஆலமரத்தில் தொங்குகிற பழந்தின்னி வௌவால் ஒன்று. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற புன்னை ஒன்று. புன்னை கடற்கரை மரம். இந்தக் கரிசல் காட்டில் அதற்கு வேலையே இல்லை. முன்பு இங்கே இருந்த வாத்தியார் ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அவர் கன்று கொண்டுவந்து வைத்தார் என்கிறார்கள். அடிகுழாயின் கழிவுத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்திருக்கிறது. ஊரில் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து மரம், அவ்வளவுதான்.

மூன்றாவது பீரியடில் ஆறாம் வகுப்பை மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். தரையெல்லாம் கொட்டை. வௌவால் ராத்திரி வந்து மேல் சதையை மட்டும் சப்பிவிட்டுப் போட்டுப் போயிருக்கிறது. கோலிக்குண்டு போல உருண்டை. ஒன்றைக் கல்லால் உடைத்துப் பருப்பைக் காட்டினேன். இதில் எண்ணெய் இருக்கிறது, முன்பு விளக்கெரித்தார்கள், படகுக்குப் பூசினார்கள் என்றெல்லாம் சொன்னேன். பருப்பு கை மாறிக் கை மாறிக் கடைசி ஆள் வரை போய் வந்தது.

மகாலட்சுமி ஒரு கேள்வி கேட்டாள். மகா என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். வகுப்பிலேயே சின்ன உருவம், கேள்வி மட்டும் பெரிசு. "கொட்டை கடல்ல மெதந்து வேற ஊருக்குப் போகும்னீக. இங்கதான் கடலே இல்லையே டீச்சர், எப்படிப் போகும்?"

வௌவால் தூக்கிக்கொண்டு போய்ப் போடும் என்றேன்.

"அப்ப இங்க வௌவாலுதான் கடலு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சாக்பீஸ் டப்பா அட்டையில் குறித்துக்கொண்டேன்.

இதுவரை சேர்ந்தது:
பிறப்பு. வௌ: வருஷத்துக்கு ஒரே குட்டி. பு: ஒரு காய்ப்புக்கு நூற்றுக்கணக்கில் கொட்டை. (ஒரே குட்டியா? திடுக்கென்றது. எலி மாதிரி எட்டுப் பத்து போடும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைப்பு. நான் அறிவியல் டீச்சர்.)
இருப்பு. வௌ: திறந்த மரத்தில் தலைகீழாக. பு: மணல், உப்புக்காற்று.
பயன். வௌ: மகரந்தம், விதை பரப்புதல். பு: எண்ணெய், பலகை, நிழல்.
ஆயுள். இன்னும் பார்க்க வேண்டும்.

ரஹீம் சார் எட்டிப் பார்த்தார். கணக்கு எடுப்பவர், வீரசோழனிலிருந்து வருகிறார். நோன்பு, உதடு காய்ந்து கிடக்கிறது. நன்மை மட்டும் எழுதினால் ஒப்பீடு ஆகாது, தீமைக்கும் ஒரு வரி வேண்டும் என்றார். சரிதான்.


மார்ச் 18, செவ்வாய்

திருச்சுழியில் நாள் முழுக்கப் பயிற்சி. ஃபேன் ஓடவில்லை. மதியம் தயிர் சாதம். பக்கத்து டீச்சர் தூங்கிச் சரிந்து என் தோளில் விழுந்தார், எழுப்ப மனசில்லை.

வீட்டுக்கு வந்ததும் சார்ட்டை முடித்தேன். என் வீட்டுக்காரர் லாரி ஆபீஸிலிருந்து வந்தார். இவர் பார்த்துவிட்டு, "பறக்குறதையும் பறக்காததையும் எப்படி மேரி ஒப்பிடுவ?" என்றார். அதுதானே முதல் வித்தியாசம் என்றேன்.

தீமை வரிக்காகப் போனில் தேடினேன். வௌ: சில இடங்களில் நோய்க்கிருமியைச் சுமக்கும், அது கடித்த பழத்தை உண்ணக்கூடாது. பு: விதைப் பருப்பு நஞ்சு, உண்ணக்கூடாது.

நஞ்சா?

இரண்டு மூன்று இடத்தில் பார்த்தேன். ஆமாம். எலிக்கு வைப்பார்களாம். நேற்று அதை உடைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். உட்கார்ந்து யோசித்தேன். யாரும் வாயில் வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். முகர்ந்தார்கள், அவ்வளவுதான். நாளைக்கு முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும்.

தீமை வரியைச் சிவப்பு ஸ்கெட்சில் எழுதினேன். எடுப்பாக இருக்கிறது.


மார்ச் 19, புதன்

சார்ட்டை வராந்தாச் சுவரில் ஒட்டினேன். ஒரு மூலை உரிந்துகொண்டே இருந்தது, பசை போதவில்லை.

ஆறாம் வகுப்புக்குப் போனதும் சொன்னேன். புன்னைப் பருப்பு விஷம், ஒருத்தரும் தின்னக்கூடாது, தின்றவர்கள் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன்.

மகா வரவில்லை. நேற்று மத்தியானம் வாந்தி எடுத்தாளாம். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எச்.எம். பக்கத்து வீட்டு காவ்யாவைத் துணைக்கு விட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். காவ்யா அதே வகுப்பு, லீடர்.

சாயந்திரம் சமையல் சரோஜாக்கா சொல்லித்தான் மீதி தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சமைப்பவர், ஊர்க்காரர். மகா ராத்திரி மயங்கிவிட்டாள், கை கால் வெட்டி இழுத்தது, மாமாக்காரர் பைக்கில் வைத்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊரில் மூளைக் காய்ச்சல் என்கிறார்கள். "வௌவாலுக் காய்ச்சலுன்னு பேசிக்கிறாக டீச்சர்" என்றார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். தெரியாது என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியே மனசில். நாளைக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். சாத்துக்குடி வாங்க வேண்டும்.


மார்ச் 20, வியாழன்

எழுத உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை பஸ் இறங்கும்போதே வெடிச் சத்தம். கோயில் விசேஷம் என்று நினைத்தேன். வானம் பார்த்தால் பட்டப்பகலில் வௌவால்கள். நூறா இருநூறா தெரியாது. சுற்றிச் சுற்றி வருகின்றன, இறங்க இடமில்லை. கண்மாய்க் கரையில் ஊரே நிற்கிறது. ஆலமரத்தடியில் ஆள் மாற்றி ஆள் அணுகுண்டைக் கொளுத்துகிறார்கள். பட்டாசுக்கு நம் பக்கம் பஞ்சமா.

கண்மாய் வறண்டு கிடக்கிறது. வெடித்த மண்ணில் அங்கங்கே கறுப்புத் துணி விழுந்த மாதிரி. கிட்டப் போனேன். துணி இல்லை. ஒன்று உயிரோடு இருந்தது. நாய்க்குட்டி முகம். செம்பட்டை ரோமம். இறக்கையை மடித்து எதையோ மூடிக்கொண்டிருந்தது. உள்ளே குட்டி, கண் திறந்து பார்த்தது. குட்டியைச் சுமந்ததெல்லாம் வேகமாக எழும்ப முடியாமல் கீழே விழுந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒன்று. பச்சை ஸ்கெட்சில் நானே எழுதியது.

ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். திட்டப் போகிறார், ஏன் வேடிக்கை பார்க்க வந்தாய் என்று. அப்படி நினைத்தேன். அவர் கும்பிட்டார்.

"நீங்க எழுதிப் போடலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது டீச்சர். புள்ளைகளக் காப்பாத்திட்டீக."

போனை நீட்டினார். ஊர் வாட்ஸப் குரூப். என் சார்ட். முழுசும் இல்லை. யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வௌவால் பக்கம், கடைசி வரி மட்டும். சிவப்பு ஸ்கெட்ச். என் கையெழுத்து. அடியில் மகா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் படம்.

புன்னை பக்கம் அதில் இல்லை.

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. கும்பிட்டவருக்குத் திருப்பிக் கும்பிட்டேன்.

பள்ளிக்கூடம் வந்து தண்ணீர் குடித்தேன். காவ்யா ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். என்ன என்று கேட்டதும் அழுகை. நேற்று வகுப்பில் சொல்லப் பயமாக இருந்ததாம். மகா திங்கட்கிழமை கை நிறையக் கொட்டை பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாளாம். செவ்வாய்க்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் கக்கூஸ் பின்னால் வைத்து உடைத்துத் தின்றாளாம்.

"கசக்குது, ஆனா வாதாங்கொட்டை மாதிரித்தான் இருக்குன்னா டீச்சர். எனக்கும் குடுத்தா. நான் துப்பிட்டேன்."

எத்தனை தின்றாள் என்றேன். ஏழு எட்டு என்றாள்.

முகம் கழுவச் சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பினேன்.

ரஹீம் சாரிடம் மட்டும் சொன்னேன். உங்கள் வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், முதலில் டாக்டரிடம் போங்கள் என்றார். மரத்தடியில் பத்துக் கொட்டை பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். வழி நீள டிரைவர் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டு வந்தார். நிறுத்தச் சொல்லத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயது. கொட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். எப்போது, எத்தனை, எவ்வளவு நேரம் கழித்து வாந்தி என்று கேட்டு எழுதிக்கொண்டார். காய்ச்சல் அதிகமில்லாமல் இழுப்பு வந்தது அவருக்கும் புரியாமலே இருந்ததாம். மதுரைக்கு அனுப்ப எழுதிக்கொண்டிருந்தாராம். "என்ன சாப்பிட்டான்னு கேட்டோம். யாருக்கும் தெரியல. நீங்க வந்தது நல்லது" என்றார். யாரிடமோ போனில் பேசினார். பிறகு, ரத்தப் பரிசோதனை பயப்படும்படி இல்லை, இன்னும் இரண்டு நாள் இங்கேயே வைத்துப் பார்க்கிறோம் என்றார்.

மகா கண் திறந்திருந்தாள். கையில் ட்ரிப்ஸ். அவள் அம்மா பாண்டியம்மாள் கட்டில் ஓரத்தில், நூல் மில்லில் போடும் நீலக் கோட்டோடு. கோட்டைக் கழற்றக்கூட இல்லை. அப்பா திருப்பூரில், வந்துகொண்டிருக்கிறாராம். நான் நடந்ததைச் சொன்னேன். பருப்பை உடைத்துக் காட்டியது நான்தான் என்றும் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

அவர் மாத்திரை வாங்கக் கீழே போன நேரத்தில் மகாவிடம் கேட்டேன். ஏன்டா தங்கம் தின்ன?

"பசிச்சுச்சு டீச்சர்."

வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "அம்மாட்ட சொல்லிராதீக" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன்.

ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு. போன வருஷம் வரை தினமும் சரோஜாக்கா கையால் சாப்பிட்டவள். இந்த வருஷம் ஆறு. அதே வராந்தாவில் சின்னப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க, இவள் அந்தப் பக்கம் போகாமல் கக்கூஸ் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

பத்து மாதமாக இந்தப் பிள்ளைக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். சாத்துக்குடி வாங்க மறந்துபோனது.


மார்ச் 21, வெள்ளி

வன நாள். எச்.எம். அறையில் காலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை பிழைத்துவிட்டது அல்லவா, இனி பேசி என்ன ஆகப் போகிறது, பேசினால் பள்ளிக்கூடத்தைத்தான் கேட்பார்கள் என்றார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, பயம். எனக்கும் பயம்தான்.

ரஹீம் சார் சொன்னார், வௌவாலைக் கொல்வது சட்டப்படி குற்றம், வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்கு வரும் என்று. நான் சொல்லப் போவதில்லை. என் பிள்ளைகளின் அப்பாக்கள் அவர்கள். வெடிக்குத் திரி கிள்ளிக் கொடுத்தது என் சார்ட்.

பதினோரு மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். நாற்பது ஐம்பது பேர், முக்கால்வாசி அம்மாக்கள். வழக்கமாக இத்தனை பேர் வரமாட்டார்கள். வௌவால் விஷயம். தலைவரும் வந்து முன்வரிசையில். கருப்பசாமி புண்ணியத்தில் கண்டம் தப்பியது, வௌவாலை விரட்டியதால்தான் பிள்ளை கண் திறந்தது என்று பேசினார்கள். கைதட்டினார்கள்.

என் முறை வந்தது. சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். சொன்னேன். மகாவுக்கு வந்தது வௌவால் காய்ச்சல் இல்லை. இதோ இந்த மரத்துக் கொட்டையைத் தின்றிருக்கிறாள். உடைத்துக் காட்டியது நான். விஷம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடுத்த நாள் தெரிந்து, அதற்கடுத்த நாள்தான் சொன்னேன். அதற்குள் தின்றுவிட்டாள். வௌவால் பேரில் தப்பில்லை. தப்பு என் பேரில். பசி விஷயத்தைச் சொல்லவில்லை, அது அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு.

கடைசி வரிசையில் ஒரு குழந்தை மட்டும் அழுதது. யாராவது ஏதாவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். தலைவர் எழுந்தார். குரல் உயர்த்தவே இல்லை.

"சரி டீச்சர். அப்ப மரத்த வெட்டிருவோம்."

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் போதும், எல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறேன், முட்டாள். மரம் இத்தனை வருஷமாக நிற்கிறது, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றேன். அரளி உங்கள் வீட்டு வாசலில் இல்லையா என்றும் கேட்டேன். ஒரு அம்மா திருப்பிக் கேட்டார், "ஒங்க புள்ளையா இருந்தா விட்டுவைப்பீகளா டீச்சர்?" பதில் இருந்தது. ஆனால் கையில் சார்ட்டோடு நிற்கிறவள் சொல்கிற பதில் இல்லை அது.

எச்.எம். நடுவில் வந்து, பள்ளிக்கூட மரம், அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, மேலே எழுதிக் கேட்கலாம் என்றார். தலைவர் சரி என்றார். கூட்டம் கலைந்தது. மிக்சர் பொட்டலம் கொடுத்தார்கள்.


மார்ச் 22, சனி

விடுமுறை. துணி ஊறப்போட்டிருந்தேன். பத்து மணி வாக்கில் சரோஜாக்கா போன். அவர் பேசுவதற்கு முன்பே பின்னால் அந்த மிஷின் சத்தம் கேட்டது. ரம்பம்.

"அறுக்குறாக டீச்சர். நீங்க வந்தாலும் ஒண்ணும் ஆகாது, சொல்லணும்னு சொன்னேன்."

அப்படியே நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். இவர்தான் பிடித்து நிறுத்திப் புடவை மாற்றச் சொல்லி, வண்டியில் கூட்டிப் போனார்.

போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கிளைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடிமரம் முழங்கால் உயரம். வெட்டுவாயில் மஞ்சளாகப் பால் வடிந்து, அதில் எறும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்மரம் அத்தனை சிவப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இலையெல்லாம் இன்னும் பளபளவென்று, அறுபட்டது தெரியாத மாதிரி. ஒரு கிளையில் மொட்டு.

எச்.எம்.முக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. டிராக்டர்காரர் இவருக்கு வணக்கம் வைத்தார். தலைவர் அங்கே இல்லை. வெயில் மட்டும் பள்ளிக்கூட வாசலில் நேராக விழுந்தது. சத்துணவுக் கொட்டகை வரைக்கும் நிழல் என்பதே இல்லை. நாளை மறுநாள் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து தட்டுக் கழுவும் முறைக்குக் காத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

திரும்பும்போது கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆலமரத்தின் உச்சியில் சில திரும்பி வந்து தொங்கின. முன்பு இருந்ததில் கால்வாசிகூட இருக்காது. கீழே விழுந்து கிடந்தவற்றைக் காணோம், யாரோ புதைத்திருக்கிறார்கள் அல்லது நாய் இழுத்திருக்கிறது. மேலே இருந்தவை இறக்கையால் விசிறிக்கொண்டே, சத்தமில்லாமல்.

இவர் கேட்ட கேள்வி சரிதான். பறக்கிறதையும் பறக்காததையும் ஒப்பிட்டேன். முதல் வரியாக எழுதியிருக்க வேண்டியதை எழுதவே இல்லை. ஆள் திரண்டு வந்தால் அது எழும்பி வானத்தில் சுற்றும், கொஞ்சமாவது மிஞ்சும். இது நிற்கும்.

சார்ட்டைத் தேடினேன், வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும். இருக்கட்டும்.


மார்ச் 23, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் காதில் விழவில்லை. ஜெபிக்கக் கண் மூடினால் அந்தக் குட்டி பார்க்கிறது.

மதியம் ஆஸ்பத்திரி. மகா தேறிவிட்டாள், இட்லி சாப்பிட்டாள், நாளைக் காலையில் அனுப்புகிறார்கள். மரத்தை வெட்டியது அவளுக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை. அப்பா வந்திருந்தார், பேச்சு அதிகமில்லாத மனுஷன், என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். இன்று சாத்துக்குடி கொண்டுபோனேன்.

மீதி நேரம் தூங்கினேன். தூங்கினேன் என்றால், படுத்துக் கிடந்தேன்.


மார்ச் 24, திங்கள்

மேகமூட்டம், ஆனால் புழுக்கம். எச்.எம். காலையில் என் மேஜைக்கே வந்து, தனக்குத் தெரியாமல் நடந்தது என்றார். நம்பினேனா என்று தெரியவில்லை. தலையாட்டினேன்.

பத்து மணிக்குப் பாண்டியம்மாள் மகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டுமே என்றேன். பிள்ளைதான் பள்ளிக்கூடம் போவேன் என்று அடம் பிடித்ததாம். மகா வாசலிலேயே நின்றுவிட்டாள். அடிமரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காவ்யா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

அந்த அம்மா போகவில்லை. அடிகுழாய்ப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். எம் புள்ள அதப் பசிக்குத் தின்னுச்சா, ருசிக்குத் தின்னுச்சா?"

"ருசிக்குத்தான்" என்றேன். "வாதாங்கொட்டைன்னு நெனச்சு."

அவர் குழாய்க் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்லாதீக" என்றார், மெதுவாக. "மில்லு வேனு அஞ்சரைக்கு வந்துரும். நான் போறப்ப அது தூங்கும். பானையில இருக்கும் எடுத்துத் தின்னுக்கோம்பேன். பானையில இல்லாத நாளு எதுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன்.

சரோஜாக்காவிடம் கேட்டேன், காலையில் மகாவுக்கும் ஒரு கரண்டி போட முடியுமா என்று. போடுவேன், ஆனால் அந்தப் பிள்ளை ஒன்றுதானா என்று பாருங்கள் என்றார். எதற்கு அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் பருப்பைக் கடைந்துகொண்டே இருந்தார்.

மூன்றாவது பீரியட், ஆறாம் வகுப்பு. புத்தகத்தைத் திறக்கவில்லை. இன்று காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள், யாரையும் திட்டமாட்டேன், வீட்டிலும் சொல்லமாட்டேன் என்றேன்.

யாரும் தூக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காவ்யா தூக்கினாள். வீட்டில் டி.வி., பைக் எல்லாம் இருக்கிற பிள்ளை, லீடர். அவளைப் பார்த்துப் பக்கத்து பெஞ்சில் இரண்டு கை. பிறகு பின்னால். பாதி தூக்கிப் பாதியில் நிறுத்தியது சில. எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதோடு நிறுத்திவிட்டேன், இன்னும் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.